சோறு பிசையும் கை: கழுத்து நரம்பு அறுவையும் மீட்சியை அளந்த வரலாறும்

1

ஜப்பானிய எலும்பியல் சங்கம் 1975ஆம் ஆண்டில், கழுத்துப் பகுதித் தண்டுவடம் நசுங்கிய நோயாளிகளை மதிப்பிட ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. மொத்தம் 17 மதிப்பெண்கள். கைகளின் இயக்கத்துக்கு 4, கால்களின் இயக்கத்துக்கு 4, தொடுவுணர்வுக்கு 6, சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு 3. கைகளுக்கான பகுதியில் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி மிக எளியது: நோயாளியால் உணவுக் குச்சிகளைப் பிடித்து உண்ண முடிகிறதா? குச்சியும் கரண்டியும் இரண்டுமே முடியாதெனில் 0. கரண்டி மட்டும் முடியுமெனில் 1. குச்சிகளைத் திணறித் திணறியே பயன்படுத்துபவருக்கு 2. சற்றே தடுமாற்றம் இருப்பவருக்கு 3. இயல்பாக உண்பவருக்கு 4.

மருத்துவ அளவுகோல் ஒன்றுக்குள் ஒரு சமூகத்தின் சாப்பாட்டு மேசை முழுதாக வந்து அமர்ந்துகொண்ட தருணம் அது. அறுவை செய்தவருக்கு எலும்பு ஒட்டியதா, நரம்பின்மேல் இருந்த அழுத்தம் நீங்கியதா என்பவை முதன்மையான கேள்விகள். செய்துகொண்டவருக்கோ நாளைக் காலை என்னால் என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை மருத்துவம் எவ்வாறு அளந்து வந்திருக்கிறது என்பதைப் பின்தொடர்ந்தால், 'குணமாதல்' என்ற சொல்லின் பொருள் காலத்துக்குக் காலம், நாட்டுக்கு நாடு மாறியிருப்பதைக் காணலாம்.

வரலாற்றுக்குள் செல்லுமுன் உடற்கூறு பற்றிச் சிறு விளக்கம் தேவை. கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. வெளிப்படும் நரம்பு வேர்களோ 8 இணைகள். எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த இடைத்தட்டு பிதுங்கினாலோ, தேய்மானத்தால் எலும்பு விளிம்பில் முனைகள் வளர்ந்தாலோ, வெளியேறும் நரம்பு வேர் நசுங்கும். தோள்முதல் விரல்நுனிவரை இழுத்துப் பிடிக்கும் வலி, மரத்துப்போதல், தசைத் தளர்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். நசுக்கம் நடுவிலுள்ள தண்டுவடத்தின்மீதே விழுந்தால் நிலை வேறு: விரல்களின் நுண்வேலை கெடும், நடை தள்ளாடும், சிறுநீர் அடங்காது. முதலாவது பெரும்பாலும் வலியின் நோய். இரண்டாவது பெரும்பாலும் வலியின்றியே வளரும் இழப்பின் நோய். இவை இரண்டும் ஒரே கழுத்தில் சேர்ந்தும் வரலாம். ஆயினும் இரண்டின் மீட்சியும் ஒன்றல்ல.

2

கழுத்து முறிவு பற்றிய பழமையான மருத்துவக் குறிப்பு எகிப்திலிருந்து கிடைக்கிறது. எட்வின் ஸ்மித் 1862இல் லக்சரில் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருள் ஏறத்தாழ கி.மு. 1600ஐச் சேர்ந்த படி. அதன் மூலம் இன்னும் பழையது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் அதை மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசைப்படுத்தப்பட்ட 48 நேர்வுகளில் 29 முதல் 33 வரையிலானவை கழுத்தெலும்பு பற்றியவை. கழுத்தெலும்பு சுளுக்கியவருக்கு முதல் நாள் பச்சை இறைச்சி வைத்துக் கட்டவும், பின்னர் குணமாகும்வரை தேன் கலந்த மருந்திடவும் சுருள் சொல்கிறது. எலும்பு இடம்பெயர்ந்து, கைகால்களின் உணர்வு அற்று, சிறுநீர் தானே ஒழுகும் நிலையில் இருப்பவரைப் பற்றியோ அதன் தீர்ப்பு ஒன்றே: இது மருத்துவம் செய்யத் தகாத நோய்.

இதை இரக்கமின்மை என்று கொள்ள வேண்டியதில்லை. எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பிரித்தறிவதே அன்றைய மருத்துவரின் நேர்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு ஏறக்குறைய 3,500 ஆண்டுகள் மாறாமல் நீடித்தது என்பதே வியப்பு. முதுகெலும்புக் கால்வாயைத் திறப்பது இறப்பை விரைவுபடுத்தும் என்ற அச்சத்துக்குப் போதிய காரணம் இருந்தது. மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலும் பிற்பகுதியிலும்தான் வந்தன.

அதே நூற்றாண்டில் நரம்புகளைப் பற்றிய அறிவும் தெளிந்தது. சார்லஸ் பெல் 1811இலும் பிரான்சுவா மஜாந்தி 1822இலும் வெளியிட்ட ஆய்வுகளின் வழியே, தண்டுவடத்தின் முன்வேர்கள் இயக்கத்துக்கும் பின்வேர்கள் உணர்வுக்கும் உரியவை என்பது நிலைபெற்றது. யார் முதலில் கண்டது என்ற பூசல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே நெடுநாள் நடந்தது. அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி ஆராய்ந்து, வெட்டுக்கு அப்பாலுள்ள நரம்பிழை சிதைந்து போவதை விளக்கினார். ஒரு நரம்பு பழுதானால் அதற்குப் பின் என்ன நிகழ்கிறது என்ற கேள்விக்கு முதன்முறையாகக் கண்ணால் கண்ட விடை கிடைத்தது.

லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி 1887 ஜூன் மாதத்தில், வில்லியம் கோவர்ஸ் கண்டறிந்து அனுப்பிய நோயாளி ஒருவரின் தண்டுவடத்தை அழுத்திய கட்டியை அகற்றினார். நோயாளி ஒரு படைத்துறை அதிகாரி; நடக்க இயலாதவராக இருந்தவர். கட்டி இருந்தது கழுத்தில் அன்று, மார்புப் பகுதியில். எனினும் பின்னர் வந்த எல்லா முதுகெலும்பு அறுவைகளுக்கும் அதுவே வாயில் திறந்தது. அந்த வெற்றிக்கு மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட சான்றைக் கவனிக்க வேண்டும்: அவர் பிழைத்தார், நடந்தார், வேலைக்குத் திரும்பினார். மீட்சியின் முதல் அளவுகோல் உயிர், இரண்டாவது கால், மூன்றாவது உழைப்பு. கை இன்னும் கணக்கில் வரவில்லை.

3

கழுத்து நரம்பு நசுங்குவதன் காரணத்தை மருத்துவம் நெடுங்காலம் தவறாகவே பெயரிட்டு வந்தது. அமெரிக்காவின் பைரன் ஸ்டூக்கி 1928இல் கழுத்துத் தண்டுவடத்தை முன்பக்கத்திலிருந்து அழுத்தும் பொருளை விவரித்து, அதைக் குருத்தெலும்புக் கட்டி என்றார். அவர் கண்டவற்றில் பெரும்பாலானவை கட்டிகளே அல்ல, பிதுங்கிய இடைத்தட்டுகள் என்று பின்னர் உணரப்பட்டது. பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் 1934இல் வெளியிட்ட கட்டுரைதான் இடைத்தட்டுக் கிழிவு என்பதை ஒரு தனி நோயாக நிலைநிறுத்தியது. அக்கட்டுரை இடுப்பு வலியின் வரலாற்றில் பெயர்பெற்றது. கழுத்துப் பகுதி நேர்வுகளும் அதில் இருந்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மெம்பிஸ் நகரின் செம்ஸும் மர்ஃபியும் 1943இல் வெளியிட்ட நான்கு நேர்வுகள் வேறொரு பிழையை வெளிக்கொணர்ந்தன. ஆறாவது கழுத்து இடைத்தட்டு ஒருபக்கமாகக் கிழிந்து ஏழாவது நரம்பு வேரை அழுத்தும்போது எழும் மார்பு வலியும் கை வலியும் இதயத் தமனி நோயைப் போலவே தோன்றின. கழுத்தில் இருந்த நோயை நெஞ்சில் தேடிய நோயாளிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டே ஸ்பர்லிங்கும் ஸ்கோவில்லும், தோள்வலிக்கும் கைவலிக்கும் கழுத்து இடைத்தட்டுக் கிழிவு ஒரு பொதுவான காரணம் என்று எழுதினர். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து மேலிருந்து அழுத்திப் பார்க்கும் ஸ்பர்லிங் சோதனை இன்றும் இந்திய மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது.

1952இல் ரஸ்ஸல் பிரெய்ன், நார்த்ஃபீல்டு, வில்கின்சன் ஆகியோர் கழுத்தெலும்புத் தேய்மானத்தின் நரம்பியல் விளைவுகளைத் தொகுத்து விரிவாக எழுதினர். திடீரென்று பிதுங்கும் இடைத்தட்டு வேறு, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் தேய்மானம் வேறு என்ற தெளிவு இக்காலத்தில் உறுதிப்பட்டது. நோய்க்குச் சரியான பெயர் கிடைத்தபின்தான் அதிலிருந்து மீள்வது எப்படி என்ற கேள்விக்கே இடம் கிடைத்தது.

4

அதுவரை கழுத்து அறுவை என்றால் பின்பக்கமாகச் செல்வதே வழி. பிடரித் தசைகளை எலும்பிலிருந்து விலக்கி, எலும்பின் பின்வளைவை அகற்றி உள்ளே செல்ல வேண்டும். ஆனால் அழுத்தும் பொருள் பெரும்பாலும் முன்பக்கத்தில் இருந்தது. அதை எடுக்க இடையில் உள்ள தண்டுவடத்தை விலக்க இயலாது. இந்தச் சிக்கலைத் தீர்த்தது 1950களில் உருவான முன்வழி. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் ராபின்சனும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1955இலும் 1958இலும், ஹொனலூலுவில் ரால்ஃப் கிளவார்டு 1958இலும் தத்தம் முறைகளை வெளியிட்டனர். தொண்டையின் ஒரு பக்கத்தில் கீறி, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒருபுறமும், கழுத்துத் தமனி உறையை மறுபுறமும் விலக்கினால், தசைகளை ஏறக்குறைய வெட்டாமலே முள்ளெலும்பின் முன்முகத்தை அடையலாம். இடைத்தட்டை முழுதாக எடுத்து, அவ்விடத்தில் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து வெட்டிய துண்டை வைத்து இரு முள்ளெலும்புகளையும் ஒன்றாக்கினர். ராபின்சனும் ஸ்மித்தும் குதிரைலாடம்போன்ற துண்டை வைத்தனர். கிளவார்டு தாமே வடிவமைத்த துளைகருவிகளால் வட்டக்குழி எடுத்து, அதில் பொருந்தும் உருளைத் துண்டைச் செருகினார்.

மீட்சியின் முகம் இதனால் மாறியது. பிடரித் தசைகளின் வலி பெரிதும் குறைந்தது. ஆனால் புதிய வழி புதிய துன்பங்களையும் உடன் கொண்டுவந்தது. அறுவைக்குப் பின் சில நாள் விழுங்குவது கடினமாயிற்று. குரல்வளைக்குச் செல்லும் நரம்பு இழுபட்டால் குரல் கம்மியது. எலும்பு எடுத்த இடுப்பு, அறுவை செய்த கழுத்தைவிட நெடுங்காலம் வலித்தது என்று சொன்ன நோயாளிகள் பலர். எலும்புத் துண்டு ஒட்டும்வரை கழுத்து அசையாதிருக்க வேண்டும் என்பதால் கெட்டியான கழுத்துப் பட்டையுடன் வாரக்கணக்கில் வாழ வேண்டியிருந்தது. போலியோவால் கழுத்துத் தசைகள் செயலிழந்தவர்களுக்காக ஜாக்குலின் பெர்ரியும் வெர்னன் நிக்கலும் 1959இல் அறிமுகப்படுத்திய, மண்டையோட்டில் திருகிப் பொருத்தும் வளையம் இந்த அசையாமையின் உச்சம்.

பின்னர் வந்த உலோகத் தகடுகளும் திருகுகளும், இடுப்பெலும்புக்கு மாற்றாக வந்த செயற்கைக் கூடுகளும் பட்டையின் தேவையையும் படுக்கைக் காலத்தையும் சுருக்கின. எலும்புகளை ஒட்டவைப்பதன் விலை மேலும் கீழும் உள்ள மூட்டுகளில் வெளிப்பட்டது. ஹிலிபிராண்டும் குழுவினரும் 374 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வு, அடுத்த மூட்டில் புதிதாக நோய் தோன்றுவது ஆண்டுக்கு 2.9 விழுக்காடு என்றும், பத்தாண்டுகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது நேரலாம் என்றும் மதிப்பிட்டது. அசைவைக் காக்கும் செயற்கை இடைத்தட்டுகளுக்கான தேடலை இக்கவலை ஊக்குவித்தது. அமெரிக்காவில் அவற்றில் முதலாவதற்கு 2007இல் ஒப்புதல் கிடைத்தது.

ஆயினும் கருவிகள் எவ்வளவு மேம்பட்டாலும் விரைவுபடுத்த முடியாத ஒன்று இருக்கிறது. அது நரம்பின் நடை. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நரம்புக் காயங்களை மூன்று படிகளாகப் பிரித்தார்: கடத்தல் மட்டும் நின்றுபோனது, உள்ளிழை அறுந்து உறை எஞ்சியது, முழுதும் அறுந்தது. முதல் வகை வாரங்களில் மீளும். இரண்டாம் வகையில் இழை மீண்டும் வளர வேண்டும்; அது வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கழுத்திலிருந்து கைவிரல் தசைவரை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் என்று கொண்டால், அந்த இழை சென்றுசேர 700 நாள்கள் ஆகும். அதற்குள் தசை மெலிந்து வளர்ச்சியை ஏற்கும் தன்மையை இழந்தும் போகலாம். அறுவைக்குப் பின் கைவலி மறுநாளே நின்றுபோவதும், மரத்துப்போன விரல் மாதக்கணக்கில் அப்படியே இருப்பதும் ஒரே உடலில் நிகழ்வது இதனால்தான். வலி நீங்குவது அழுத்தம் நீங்கியதன் செய்தி. உணர்வும் வலிமையும் திரும்புவது நரம்பு வளர்ந்ததன் செய்தி. இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்லாத இடத்தில், நல்லபடியாக முடிந்த அறுவைகூடத் தோற்றதாகவே நோயாளியின் மனத்தில் பதியும்.

5

எல்லோருக்கும் அறுவை வேண்டுமா என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை தரும் ஆய்வுகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது 1994இல் வெளிவந்தது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்தில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர் நோய் கண்டறியப்பட்ட 561 பேரை அது பின்தொடர்ந்தது. அதன் முதன்மை ஆசிரியர் குருபத் ராதாகிருஷ்ணன். பின்னாளில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 83 பேருக்கு இந்நோய் வந்தது. 26 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டனர். கடைசியாகப் பரிசோதிக்கப்பட்டபோது 90 விழுக்காட்டினர் தொல்லையின்றியோ சிறு தொல்லையுடனோ இருந்தனர். இரண்டாவது, சுவீடனில் பெர்சனும் சகாக்களும் 81 நோயாளிகளை அறுவை, இயன்முறை மருத்துவம், கழுத்துப் பட்டை என மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய, 1997இல் வெளியான ஆய்வு. நான்கு மாதங்களில் அறுவைக் குழுவினரின் வலி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. மேலும் ஓராண்டு கழிந்தபோது மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இம்முடிவுகளை 'அறுவை வீண்' என்று படிப்பது பிழை. நரம்பு வேர் மட்டும் நசுங்கிய பலருக்கு அறுவை தருவது முதன்மையாகக் காலத்தை. ஓராண்டு வலியைச் சில வாரங்களாகச் சுருக்கும் வாய்ப்பை. தினக்கூலிக்கு உழைப்பவருக்கு அந்த ஓராண்டு என்பது என்ன, மாதச் சம்பளத்தில் விடுப்பு உள்ளவருக்கு என்ன என்பதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை. தண்டுவடமே நசுங்கியவரின் நிலையோ முற்றிலும் வேறு. அங்கே காத்திருத்தலின் விலை திரும்பப் பெற முடியாததாக இருக்கக்கூடும்.

தண்டுவட நோயின் மீட்சியை அளக்க முற்பட்டவர்களில் முன்னோடி ஸ்டீபன் நூரிக். 1972இல் அவர் தந்த தரநிலை 0 முதல் 5 வரை செல்கிறது. நடையில் சிறு சிரமம் இருந்தும் முழுநேர வேலைக்குத் தடையில்லையெனில் 2. வேலைக்கோ வீட்டு வேலைகள் அனைத்தையும் செய்வதற்கோ தடையெனில் 3. பிறர் துணையோடு மட்டும் நடப்பவர் 4. நாற்காலியிலோ படுக்கையிலோ முடங்கியவர் 5. ஹார்ஸ்லியின் காலத்துச் சான்றுகளான காலும் உழைப்பும் இங்கே எண்களாகிவிட்டன. ஆனால் அன்றுபோலவே இன்றும் கைக்கு இதில் இடமில்லை. விரல்கள் பயனற்றுப்போன ஒருவர் நன்றாக நடந்தால் நூரிக்கின் கண்ணில் அவர் ஏறக்குறைய நலமானவர்.

அந்தக் குறையை நிரப்பியதுதான் ஜப்பானின் உணவுக் குச்சி. அங்கே அதற்குத் தனிக் காரணம் இருந்தது. முள்ளெலும்புகளின் பின்புறத் தசைநார் எலும்பாகிப் போகும் நோய் ஜப்பானில் மிகுதியாகக் கண்டறியப்பட்டது; தண்டுவடம் நசுங்கிய கைகள் அங்கே நாள்தோறும் கண்முன் இருந்தன. கெய்யோ பல்கலைக்கழகத்தின் ஹிராபயாஷி 1977இல், எலும்பு வளைவை அகற்றாமல் கதவுபோல் ஒருபக்கம் திறந்துவைக்கும் அறுவையை உருவாக்கினார். மீட்சியைக் கணக்கிட அவர் தந்த வாய்பாடு உலகெங்கும் பரவியது: அறுவைக்குப் பின் கூடிய மதிப்பெண்ணை, அறுவைக்கு முன் இழந்திருந்த மதிப்பெண்ணால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 9இலிருந்து 13க்கு வந்தவரின் மீட்சி 50 விழுக்காடு. 15இலிருந்து 16க்கு வந்தவரின் மீட்சியும் அதே 50 விழுக்காடு. முன்னவர் பிறர் ஊட்ட உண்டவராக இருந்து தானே உண்பவராக மாறியிருக்கலாம். பின்னவருக்கு ஒரு விரலில் இருந்த மரமரப்பு நீங்கியிருக்கலாம். அட்டவணையில் இருவரும் ஒரே கட்டத்தில் அமர்வர். கேயிரோ ஓனோவும் குழுவினரும் 1987இல், பத்து நொடிகளில் விரல்களை எத்தனை முறை மடக்கி விரிக்க முடிகிறது என்ற எளிய சோதனையை முன்வைத்தனர். இயல்பான கை 20 முறையேனும் செய்யும். கருவியே தேவைப்படாத இச்சோதனை எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யத்தக்கது.

ஜப்பானிய முறை அமெரிக்காவுக்குச் சென்றபோது குச்சி வழியில் நின்றுவிட்டது. பென்செலும் சகாக்களும் 1991இல் செய்த திருத்தத்தில் கரண்டியும் சட்டைப் பொத்தானும் வந்தன. மொத்த மதிப்பெண் 18 ஆயிற்று. அதே 1991இல் வெர்னனும் மியோரும் வெளியிட்ட கழுத்து முடக்கக் குறியீடு பத்துக் கேள்விகளை நோயாளியிடமே கேட்டது. வலி, தன்னைப் பேணுதல், சுமை தூக்குதல், வாசித்தல், தலைவலி, மனம் குவித்தல், வேலை, கார் ஓட்டுதல், உறக்கம், பொழுதுபோக்கு ஆகியவை அவை. மருத்துவரின் கண்ணிலிருந்து நோயாளியின் வாய்க்கு அளவுகோல் இடம்பெயர்ந்தது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் அந்த நோயாளி வாசிப்பவர், கார் ஓட்டுபவர், பொழுதுபோக்கு என்று தனியே ஒன்றை உடையவர் என்ற முன்முடிவு அப்பட்டியலில் உள்ளடங்கியிருக்கிறது. கார் ஓட்டியே அறியாத பெண்ணொருவர் அக்கேள்விக்கு முன் என்ன விடை எழுதுவார்?

6

இந்தியாவில் நரம்பியல் அறுவைத் துறை வில்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டியால் 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1951இல் இந்திய நரம்பியல் சங்கம் உருவானது. இத்துறைக்கு இணையாகவும், பலராலும் தனிக்கதையாகவே சொல்லப்பட்டும், மறுவாழ்வுத் துறை வளர்ந்தது. வேலூரில் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். நிமிர்ந்த விரல்களோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதை விரைவிலேயே உணர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் அங்கே தோன்றிய நவஜீவ நிலையம் அவர்களுக்குத் தச்சு முதலான தொழில்களைக் கற்பித்தது. அறுவை முடிந்தால் மீட்சி முடிந்தது என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

மேரி வர்கீஸ் இக்கதையின் நடுவில் நிற்பவர். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பழுதுபட்டுக் கால்கள் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் அவர் தலைமையில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. வடக்கே ஹெச்.பி.எஸ். அலுவாலியா 1965 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தவர். சில மாதங்களில் இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டு பாய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவிலில் லுட்விக் குட்மான் 1944இல் தொடங்கிய மையத்தில் சிகிச்சை பெற்ற அவர், அத்தகைய ஓர் இடம் தம் நாட்டில் இல்லாததை உணர்ந்து டெல்லியில் இந்திய முதுகெலும்புக் காய மையத்தை உருவாக்கினார். இவ்விருவரின் காயங்களும் தேய்மான நோயிலிருந்து வேறுபட்டவை. ஆனால் இருவரும் நோயாளி என்ற இடத்தில் இருந்துகொண்டே மீட்சிக்குப் புதிய வரையறை தந்தவர்கள்: பழைய உடல் திரும்பாத நிலையிலும் வாழ்வு திரும்ப முடியும்.

தேய்மான நோய்க்கான அறுவையில் வேலூரின் வேதாந்தம் ராஜ்சேகரும் சகாக்களும் செய்த பணி இங்கே குறிப்பிடத்தக்கது. நூரிக் தரநிலையில் 4, 5 என்ற கடைநிலையில் வந்தவர்களும் அறுவைக்குப் பின் மேம்படக்கூடும் என்று 2005இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு காட்டியது. இந்தியச் சூழலில் இதன் பொருள் பெரிது. நோயாளிகள் தாமதமாகவே வருகிறார்கள்; 'இனிப் பயனில்லை' என்று திருப்பியனுப்பப்படும் வாய்ப்பும் அவர்களுக்கே மிகுதி. எகிப்தியச் சுருளின் தீர்ப்பு அவ்வாறு பல ஊர்களில் இன்றும் வழங்கப்படுகிறது. நோயாளிகள் தாமே தம் மேம்பாட்டை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதையும் அக்குழு தனியே ஆராய்ந்தது. பின்னர் 2015இல், நூரிக் தரநிலையையும் ஜப்பானிய மதிப்பெண்ணையும் இந்திய மக்களுக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டது.

இத்திருத்தத்தின் தேவையை உணரப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. குச்சியை அறியாத, கரண்டியை அரிதாகவே எடுக்கும் ஒரு நாட்டில் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். சோற்றைக் குழம்போடு பிசைந்து, ஐந்து விரல்களாலும் அளவாகக் குவித்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுசெல்வது நுண்ணிய வேலை. சூடு தெரிய வேண்டும். ஈரம் தெரிய வேண்டும். மீன் முள் விரல்நுனிக்குத் தட்டுப்பட வேண்டும். உணர்வும் இயக்கமும் அங்கே பிரிக்க முடியாதவை. புடவையின் கொசுவத்தை மடிப்பதும், வேட்டியை இறுக்குவதும், தரையில் சம்மணமிட்டு எழுவதும், இந்தியக் கழிப்பறையில் குந்தி எழுவதும் அப்படியே. பொத்தானைப் பற்றி மட்டும் கேட்கும் அளவுகோலுக்கு முன் இந்த இழப்புகள் இழப்புகளாகவே தோன்றமாட்டா.

ஆனால் திருத்தம் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுவிடக் கூடாது. தலைச்சுமை இன்னும் பிழைப்பாக உள்ள நாடு இது. சுமைப்பணியாளருக்கெனக் கேரளம் 1978இல் தனிச்சட்டமே இயற்றியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் எடைக்கு 55 கிலோவை வரம்பாகச் சொன்னது. கழுத்து அறுவை செய்துகொண்ட ஒருவரிடம் 'இனித் தலையில் பாரம் ஏற்றாதீர்கள்' என்று சொல்வது மருத்துவ நோக்கில் மிகச் சரியான அறிவுரை. ரயில் நிலையச் சுமைதூக்குபவருக்கும், செங்கல் சூளைப் பெண்ணுக்கும், குடத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கும் அதே வாக்கியம் பிழைப்பு முடிந்தது என்ற அறிவிப்பு. அவர்களின் எலும்பு ஒட்டியிருக்கும். மதிப்பெண் 17க்கு 16 என்றிருக்கும். மீட்சி விழுக்காடு கட்டுரையில் ஏறியிருக்கும். அவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை என்பதோ, வேறு வழியின்றி அதே சுமைக்குத் திரும்பினார்கள் என்பதோ அந்த எண்ணில் இருக்காது. 'முழுநேர வேலை' என்று நூரிக் எழுதியபோது அவர் மனத்தில் இருந்த வேலை இதுவன்று.

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கத்தியின் வரலாற்றையே எழுதுகிறார்கள்: யார் முதலில் கீறினார், எந்த வழியாகச் சென்றார், எதைப் பொருத்தினார். கழுத்து நரம்பு அறுவையின் வரலாற்றில் அதற்கு இணையான இன்னொரு வரலாறு அளவுகோல்களுடையது. உயிர், நடை, உழைப்பு, உணவுக் குச்சி, பொத்தான் என்று ஒவ்வொரு அளவுகோலும் யாருடைய வாழ்வை இயல்பான வாழ்வாகக் கொண்டது என்பதை அது காட்டுகிறது. ஓர் அளவுகோலில் இடம்பெறாத வேலை, இழந்தாலும் இழப்பாக எண்ணப்படுவதில்லை. மீண்டாலும் மீட்சியாக எண்ணப்படுவதில்லை. ஆகவே நோயாளியிடம் எதைக் கேட்பது என்பது அறுவைக்குப் பிந்தைய நடைமுறை விவரம் மட்டுமன்று. யாருக்காக அறுவை செய்யப்பட்டது என்ற கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

1975இல் ஜப்பானிய மருத்துவர்கள் தம் நோயாளிகள் எதைக் கொண்டு உண்கிறார்கள் என்று பார்த்தார்கள், அதைக் கேள்வியாக்கினார்கள். இந்தியாவின் மருத்துவர்களும் மருத்துவச் சமூகவியலாளர்களும் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது குச்சியை அன்று, அந்தப் பார்வையை.